தொண்டையில் டியூபோடு வீடு திரும்புகிறவர்கள்

2016 அக்டோபரில்தான் ‘டிரக்கியாஸ்டமி’ தமிழ்நாட்டின் டீக்கடைகளுக்கு வந்து சேர்ந்தது. செப்டம்பர் 22 இரவு சென்னை அப்போலோவில் சேர்க்கப்பட்ட முதல்வர் ஜெயலலிதாவுக்கு அக்டோபர் 7-ஆம் தேதி கழுத்தில் துளையிட்டு டியூப் வைத்தார்கள். அந்த மாதக் கடைசியில், இடைத்தேர்தல் வேட்பாளர்களுக்கான கட்சிப் படிவங்களில் அவருடைய கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இடதுகைப் பெருவிரல் ரேகை இருந்தது. அண்மையில் டிரக்கியாஸ்டமி நடந்திருக்கிறது, வலது கை வீங்கியிருக்கிறது, அதனால் தற்போது கையெழுத்திட இயலவில்லை என்று அரசு மருத்துவர் ஒருவர் சான்று கொடுத்திருந்தார். டிசம்பர் 5-ஆம் தேதி ஜெயலலிதா மறைந்தார். பத்தே நாளில் காவேரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கருணாநிதிக்கும் அதே சிகிச்சை. மேடைப் பேச்சைக் கேட்டே வளர்ந்த ஒரு மாநிலம், தன் இரண்டு பெரிய குரல்களும் ஒரே குளிர்காலத்தில் கழுத்தில் டியூபோடு அடங்கிப்போனதைப் பார்த்தது.

அன்றிலிருந்து ஒரு நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றிவிட்டது. ஐ.சி.யூ. வாசலில் டாக்டர் வந்து “தொண்டையில் துளை போட வேண்டியிருக்கும்” என்றதுமே உறவினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். “ஓட்டை போட்டுட்டா அவ்வளவுதான்” என்று பின்னாலிருந்து யாராவது சொல்கிறார்கள். கையெழுத்துப் போட வேண்டிய மனைவி அழத் தொடங்குகிறாள். இந்த நம்பிக்கை தவறு. கருணாநிதியே அதற்குச் சான்று. 2016 டிசம்பரில் டியூப் வைத்த பிறகு அவர் ஏறக்குறைய 20 மாதங்கள் வாழ்ந்தார். 2017 அக்டோபரில் முரசொலி அலுவலகத்துக்குப் போய்க் கண்காட்சியைச் சுற்றிப் பார்த்தார். அடுத்த மாதம் கோபாலபுரத்துக்கு வந்த பிரதமரை வீட்டிலேயே சந்தித்தார். 2018 ஜூலை 18-ஆம் தேதி பழைய டியூபை எடுத்துப் புதியது மாற்ற மருத்துவமனைக்குப் போனவர் அன்றே வீடு திரும்பினார்.

கோபாலபுரத்திலிருந்து காவேரி மருத்துவமனை இருக்கும் ஆழ்வார்பேட்டைக்குக் காரில் சில நிமிடம். கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பில் ஒருவருக்கு டியூப் மாற்ற வேண்டுமானால் சிதம்பரத்துக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர் போக வேண்டும். புதுச்சேரி ஜிப்மரில் போட்டதென்றால் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். துளை போடும் திறமை நம் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு நன்றாகவே கைவந்திருக்கிறது. அந்தத் துளையோடு ஊர் திரும்பிய மனிதரைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத்தான் நாம் இன்னும் தொடங்கவில்லை. அதை ஒரு மனைவியின் தலையிலோ தாயின் தலையிலோ கட்டி அனுப்பிவிடுகிறோம்.

முதலில் இந்தச் சிகிச்சை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழலின் இரண்டாம் மூன்றாம் வளையங்களை ஒட்டி ஒரு சிறு துளை போடுகிறார்கள். அதற்குள் வளைந்த டியூப் ஒன்று போகிறது. தேர்ந்த கைக்குச் சில நிமிட வேலை. 1985-ல் அமெரிக்க அறுவை நிபுணர் சியாக்லியா வகுத்துக்கொடுத்த முறைப்படி, ஊசி போட்டு வழியை மெல்ல விரித்து, ஐ.சி.யூ. படுக்கையிலேயே செய்துவிடுகிறவர்களும் உண்டு. வாய் வழியாகச் செருகிய டியூப் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் குரல்நாண் புண்ணாகும். அதைத் தாங்கிக்கொள்ள மயக்க மருந்து ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கழுத்து வழிக்கு மாற்றிவிட்டால் மயக்கத்தைக் குறைக்கலாம். வாயைச் சுத்தம் செய்யலாம். சளியை எளிதாக உறிஞ்சி எடுக்கலாம். நோயாளி கண் திறந்து தன் மனிதர்களை அடையாளம் காணலாம். வென்டிலேட்டரின் உதவியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வரலாம். தலையில் அடிபட்டவர், பக்கவாதத்தில் விழுங்கும் சக்தி போனவர், கட்டுவிரியன் கடித்து மூச்சுத் தசை செயலிழந்தவர், பூச்சிமருந்து குடித்தவர், தொண்டைப் புற்றுநோயில் மூச்சு வழி அடைத்தவர் என்று பலருக்கும் இது பிழைப்பதற்கான பாதைதான்.

இந்தப் பாதைக்கு வயது அதிகம், துணிச்சல் வந்தது தாமதமாகத்தான். 1799 டிசம்பரில் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை வீங்கி மூச்சுத் திணறிக் கிடந்தபோது, சுற்றி நின்ற மூன்று மருத்துவர்களில் இளையவரான எலிஷா டிக் கழுத்தைத் திறக்கலாம் என்றார். மூத்தவர்கள் ஒப்பவில்லை. அன்றிரவே வாஷிங்டன் இறந்தார். கால் நூற்றாண்டு கழித்து, 1825-ல், பிரான்சின் பிரெட்டனோ டிப்தீரியா அடைத்த ஒரு சிறுமியின் கழுத்தைத் திறந்து அவளைப் பிழைக்க வைத்தார். அவருடைய மாணவர் ட்ரூசோ அதையே நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குச் செய்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செவாலியர் ஜாக்சன் எங்கே வெட்ட வேண்டும், எங்கே வெட்டக் கூடாது என்று ஒழுங்கு வகுத்தார். அவர் பெயரைத் தாங்கிய உலோக டியூப் இன்றும் நம் அரசு ஆஸ்பத்திரி வார்டுகளில் புழக்கத்தில் இருக்கிறது.

ஆனால் இந்த வரலாற்றில் நம் ஊருக்குப் பாடமாக இருக்கக்கூடியது 1952-ஆம் ஆண்டின் கோபன்ஹேகன். டென்மார்க்கில் அந்தக் கோடையில் போலியோ பரவியது. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசை செயலிழந்து வந்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். உடம்பை அடைத்துவைத்து மூச்சு வாங்க வைக்கும் ‘இரும்பு நுரையீரல்’ அந்த ஆஸ்பத்திரியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தலைமை மருத்துவர் லாசன் வேறு வழியில்லாமல் பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணரை அழைத்தார். ஆகஸ்ட் கடைசியில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி நீலம் பாரித்துச் சாகும் தறுவாயில் இருந்தாள். இப்சன் அவள் கழுத்தில் துளை போட வைத்தார், டியூப் செருகினார், அதன் முனையில் ஒரு ரப்பர் பையைப் பொருத்திக் கையால் அழுத்தி அழுத்திக் காற்றைச் செலுத்தினார். அவள் நிறம் திரும்பியது.

பிழைக்க வழி தெரிந்துவிட்டது. ஆனால் வென்டிலேட்டர் எங்கே? இல்லை. எனவே ஆட்களைக் கூப்பிட்டார்கள். கோபன்ஹேகனின் மருத்துவ மாணவர்கள், ஏறக்குறைய 1,500 பேர், முறைவைத்துக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரவும் பகலும் பையை அழுத்தினார்கள். ஒரு குழந்தைக்கு மூச்சு வேண்டுமானால் ஒரு மாணவரின் கை ஓயாமல் இயங்க வேண்டும். வாரக்கணக்காக, மாதக்கணக்காக இது நடந்தது. இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. இன்று உலகமெங்கும் இருக்கும் ஐ.சி.யூ.வின் தொடக்கமாக மருத்துவ உலகம் அந்த வார்டைத்தான் காட்டுகிறது. அங்கே உயிர்களைக் காத்ததில் கத்திக்கு எவ்வளவு பங்கோ, துளைக்குப் பக்கத்தில் பயிற்சியோடு உட்கார்ந்திருந்த கைகளுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. நாம் கத்தியை மட்டும் கற்றுக்கொண்டோம்.

இனி சேத்தியாத்தோப்புக்கு வருவோம். சிதம்பரம் – விருத்தாசலம் சாலையும் விக்கிரவாண்டி – கும்பகோணம் – தஞ்சாவூர் நெடுஞ்சாலையும் வெட்டிக்கொள்ளும் குறுக்கு ரோடு இது. வெள்ளாற்றின் அணைக்கட்டும் எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் ஊரின் அடையாளங்கள். ஆலை அரைக்கும் மாதங்களில் டிப்பருக்கு வெளியே கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும் டிராக்டர்கள் இருட்டில் பின்விளக்கு இல்லாமல் ஊர்ந்துபோகும். நான்கு வழிச்சாலைத் திட்டத்தின் ஒரு பிரிவு இங்கே முடிந்து அடுத்த பிரிவு இங்கே தொடங்குகிறது. ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்த அந்தப் பணியில் மாற்றுப்பாதையும் மண்மேடும் பள்ளமுமாகக் கடந்துபோன இருசக்கர வாகனக்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. நாட்டிலேயே அதிகம். 17,884 பேர் இறந்தார்கள். இந்தக் கணக்கு ஆண்டுதோறும் செய்தியாகிறது, விவாதமாகிறது. தலையில் அடிபட்டு, மூன்று வாரம் வென்டிலேட்டரில் கிடந்து, கழுத்தில் டியூபோடு வீடு திரும்பிய இளைஞர் அதில் ‘காயமடைந்தோர்’ என்ற பத்தியில் ஒரு எண்ணிக்கை மட்டுமே. கை எலும்பு முறிந்தவரும் அவரும் அங்கே ஒன்று.

விபத்து நடந்த நேரத்தில் உதவ இப்போது அரசு இருக்கிறது என்பதை மனதாரச் சொல்ல வேண்டும். 2008-ல் வந்த 108 ஆம்புலன்ஸும், 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டமும் நிறைய உயிர்களை மீட்டிருக்கின்றன. முதல் 48 மணி நேரத்துக்குக் காசு கேட்காமல் சிகிச்சை என்பது சாதாரணக் காரியமல்ல. அண்ணாமலைநகரில் இருந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021-ல் மாணவர் போராட்டத்துக்குப் பின் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்டது. வடக்கே முண்டியம்பாக்கத்திலும் தெற்கே தஞ்சாவூரிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அடிபட்ட 48 மணி நேரத்துக்கு ஆள் உண்டு. 48-ஆவது நாளுக்கு யார்?

அந்த நாளில் ஒரு வீட்டுக்குள் போனால் என்ன பார்க்கலாம்? ஜன்னலை ஒட்டிக் கட்டில். பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல்மேல் சளி உறிஞ்சும் மெஷின், சலைன் பாட்டில், கவர் பிரித்த கேதீட்டர், வெட்டி மடித்த காஸ் துணி. அடுப்பில் தனிப் பாத்திரத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் உள் டியூப். மூக்கு செய்யும் வேலையை இப்போது செய்ய ஆளில்லை. நாம் இழுக்கும் காற்றை ஈரமாக்கி, சூடாக்கி, தூசியை வடித்து உள்ளே அனுப்புவது மூக்குதான். கழுத்து வழியே போகும் காற்று அப்படியே வறண்டு இறங்குகிறது. சளி கெட்டிப்படுகிறது, பிசின்போல டியூபின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் கழுத்தின்மேல் ஓர் ஈரத் துணி.

நடுராத்திரி. மூச்சுச் சத்தத்தில் ஒரு கரகரப்பு. மனைவிக்குத் தூக்கத்திலேயே அது கேட்டுவிடுகிறது. எழுந்து சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாள். மெஷினைப் போடுகிறாள். கேதீட்டரை உள்ளே விடும்போது உறிஞ்சவிடக் கூடாது, வெளியே எடுக்கும்போதுதான் உறிஞ்ச வேண்டும், பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் போகக் கூடாது. ஆஸ்பத்திரியில் ஒரு சிஸ்டர் சொல்லிக்கொடுத்த நுணுக்கம் இன்னொன்றும் உண்டு: கேதீட்டர் உள்ளே இருக்கும்வரை உன் மூச்சையும் பிடித்துக்கொள், உனக்கு எப்போது முட்டுகிறதோ அப்போது அவருக்கும் முட்டும், வெளியே எடுத்துவிடு. அப்படியே செய்கிறாள். அவர் இருமுகிறார், கண்ணில் நீர் தளும்புகிறது, முகம் சிவக்கிறது. பிறகு கரகரப்பு அடங்குகிறது. அவள் கேதீட்டரைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கிறாள். இரண்டு மணி நேரத்தில் மறுபடி எழ வேண்டியிருக்கும். காலையில் அவளுக்குக் களையெடுக்கும் வேலையோ நூறுநாள் வேலையோ இருக்கிறது. அதற்குப் போனால் இவரை யார் பார்ப்பது?

இந்த வேலையை ஐ.சி.யூ.வில் செய்ய மூன்றாண்டு, நான்காண்டு படித்த செவிலியர் வேண்டும் என்கிறோம். வீட்டில் செய்ய, டிஸ்சார்ஜ் நாளில் அரை மணி நேரம் அருகில் நின்று பார்த்தது போதும் என்று அனுப்பிவிடுகிறோம். கையில் கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியோ ஆங்கிலத்தில்.

கரண்ட் போனால்? கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2011 டிசம்பர் 30 அதிகாலை ‘தானே’ புயல் கரையேறியபோது சாய்ந்த மின்கம்பங்களை நிமிர்த்திப் பல கிராமங்களுக்கு மின்சாரம் கொடுக்க வாரக்கணக்கானது. காலால் மிதித்து இயக்கும் சளி உறிஞ்சும் கருவி என்று ஒன்று இருக்கிறது. விலை அதிகமில்லை, மின்சாரம் வேண்டாம். அதை எத்தனை குடும்பங்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருப்பார்கள்? இன்வெர்ட்டர் வாங்க வசதியில்லாத வீட்டில் அந்த மிதிகருவி இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையில் ஓர் உயிர் நிற்கிறது.

காற்றே இங்கே பகை. அறுவடை மெஷின் ஓடும் நாளில் கிளம்பும் வைக்கோல் தூசி, வயலில் கரும்புச் சோகை கொளுத்தும் புகை, வீட்டுக்குள் கொசுவத்திச் சுருள், எல்லாமே நேராக நுரையீரலுக்குப் போகின்றன. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் களிமண் மாவு பறக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவர் கழுத்துத் துளையோடு அங்கே திரும்பிப் போக முடியாது. குளிக்கும்போது கழுத்துக்குமேல் தண்ணீர் படக் கூடாது. ஆற்றிலும் குளத்திலும் இறங்கவே கூடாது. வேலை போகிறது, பழகிய இடங்கள் போகின்றன. கல்யாண வீட்டுக்குப் போனால் குழந்தைகள் பயப்படுமோ என்று அவரே ஒதுங்கிக்கொள்கிறார்.

பேச்சும் போகிறது. குரல்நாண் துளைக்கு மேலே இருக்கிறது. காற்று அதற்குக் கீழேயே வெளியேறிவிடுவதால் தொண்டை நன்றாக இருந்தும் ஓசை வராது. பலருக்கு இதைச் சரிசெய்ய முடியும் என்பதைத்தான் நாம் உரக்கச் சொல்ல வேண்டும். டியூபைச் சுற்றி மேலே காற்று போக இடமிருந்து, டாக்டரும் சரி என்று சொல்லிவிட்டால், சுத்தமான விரலால் டியூபின் வாயை ஒரு கணம் மூடிப் பேசலாம். விரலுக்குப் பதிலாக ஒருவழி வால்வு ஒன்றைப் பொருத்தலாம். தசைச் சிதைவு நோயால் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் வென்டிலேட்டரில் வாழ்ந்த டேவிட் மியூர் என்ற அமெரிக்க இளைஞர், தான் பேச வேண்டும் என்பதற்காக எண்பதுகளில் வடிவமைத்தது அது. இன்று உலகம் முழுவதும் அவர் பெயரோடு பயன்பாட்டில் இருக்கிறது. கழுத்தில் துளையோடு வாழ்ந்த ஒருவர் தன்னைப் போன்ற லட்சக்கணக்கானவர்களுக்குக் குரல் கொடுத்திருக்கிறார். இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் 1985-ல் ஜெனீவாவில் நிமோனியாவில் விழுந்தபோது வென்டிலேட்டரை நிறுத்திவிடலாமா என்று டாக்டர்கள் கேட்டார்கள். மனைவி ஜேன் மறுத்துவிட்டார். டிரக்கியாஸ்டமியால் ஹாக்கிங்கின் பேச்சு அடியோடு போனது. ஆனால் 1988-ல் வெளிவந்து உலகையே அவர் பக்கம் திருப்பிய புத்தகம் அதற்குப் பிறகுதான் முடிந்தது.

புற்றுநோயால் குரல்வளையையே எடுத்துவிட்டவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு மூக்குக்கும் வாய்க்கும் நுரையீரலோடு தொடர்பே இல்லை. கழுத்துத் துளை ஒன்றுதான் மூச்சு வழி. அவர்களுக்காகப் பெங்களூருவின் புற்றுநோய் அறுவை நிபுணர் விஷால் ராவ் ஐம்பது ரூபாய் அளவில் கிடைக்கும்படி ‘ஓம்’ என்ற பேச்சுக் கருவியை உருவாக்கினார். வெளிநாட்டுக் கருவிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருந்தது. குரல்வளை அகற்றப்பட்டவர்களின் பேச்சிழப்பை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மாற்றுத்திறனாகவே ஏற்கிறது. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. வீட்டில் முடங்கிக் கிடக்கும் எத்தனையோ பேருக்கு இது தெரியாது.

இந்த இருவகையினரையும் பிரித்தறியத் தெரியாவிட்டால் உயிரே போகும். மூச்சுத் திணறும் நோயாளியைக் கண்டதும் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் வைப்பதுதான் யாருக்கும் கை போகும் வழி. குரல்வளை எடுக்கப்பட்டவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, மாஸ்க் கழுத்தில் வைக்கப்பட வேண்டும். மற்றவர்களுக்கு முகத்திலும் கழுத்திலும் இரண்டு இடத்திலும். பிரிட்டனில் 2011-ல் வெளியான ஒரு தேசிய ஆய்வு, ஐ.சி.யூ.க்களில் மூச்சுவழிச் சிக்கலால் நேர்ந்த இறப்புகளில் இடம் பெயர்ந்த டிரக்கியாஸ்டமி டியூபே முதன்மைக் காரணம் என்று காட்டியது. அவ்வளவு வசதியுள்ள நாட்டில், அதுவும் ஐ.சி.யூ.வுக்குள். உடனே அவர்கள் ஓர் எளிய ஏற்பாட்டைச் செய்தார்கள். டிரக்கியாஸ்டமி நோயாளியின் கட்டில் தலைமாட்டில் பச்சை அட்டை, குரல்வளை எடுக்கப்பட்டவருக்குச் சிவப்பு அட்டை. எந்த அளவு டியூப், எப்போது போட்டது, கழன்று விழுந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கும். ஓர் அட்டைக்கு என்ன செலவாகிவிடும்? சேத்தியாத்தோப்பு வீட்டுக் கட்டிலின் தலைமாட்டிலும் அது தமிழில் தொங்கலாம். 108-ல் வருகிற ஊழியர் வாசலில் நுழைந்ததும் படித்துக்கொள்ளலாம்.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இன்னொன்று. வைத்த டியூபை எடுக்க மறந்துவிடுகிறோம். வென்டிலேட்டர் தேவை தீர்ந்து, சளி குறைந்து, நன்றாக இருமவும் விழுங்கவும் முடிகிற நோயாளிக்கு டியூபை எடுத்துவிடலாம். அளவைப் படிப்படியாகக் குறைத்தோ, வாயை மூடிவைத்துப் பார்த்தோ, மூச்சு சரியாக இருந்தால் எடுத்துவிட்டுக் காஸ் வைத்து ஒட்டினால், துளை பெரும்பாலும் சில நாட்களில், சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். ஆனால் யாரோ அதைக் கவனித்து, “வாருங்கள், எடுத்துவிடலாம்” என்று கூப்பிட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் டியூப் போட்ட நரம்பியல் வார்டு தன் வேலை முடிந்ததாக நினைக்கிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அந்த நோயாளி வந்தால்தான் தெரியும். நோயாளிக்கோ ஆட்டோ வாடகை, கூட வர ஒரு ஆள், ஒரு நாள் கூலி. தள்ளிப்போடுகிறார். மாதங்கள் வருஷங்களாகின்றன. டியூப் உராயும் இடத்தில் சதை வளர்ந்து மூச்சுக்குழல் சுருங்குகிறது. வருஷக்கணக்கில் மாற்றாமல் கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்துப் போட்ட உலோக டியூப் அரித்து, முறிந்து, துண்டு நுரையீரல் குழலுக்குள் விழுந்த கதைகளை இந்தியக் காது மூக்கு தொண்டை மருத்துவ இதழ்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்கின்றன. அந்தக் கட்டுரைகளில் எனக்குத் தெரிவது உலோகத்தின் குறையைவிட, அத்தனை வருஷமும் ஒருவர்கூட அவரைத் திரும்ப அழைக்கவில்லை என்பதுதான்.

குடும்பத்திடம் உண்மையைச் சொல்வதும் இந்தக் கவனிப்பில் சேரும். எல்லோருக்கும் இது நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. மூளை திரும்ப வழியில்லாத அளவு சேதமடைந்த முதியவருக்கு, புற்றுநோய் முற்றிப் பரவியவருக்கு, துளை சில சமயம் துன்பத்தை மட்டுமே நீட்டிக்கும். அப்போது வேண்டாம் என்று சொல்லும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. கண்ணியமான இறப்புக்கான உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் தெளிவாக்கிவிட்டது. யோசிக்க நேரம் கேட்கவும் உரிமை உண்டு. சுமார் 900 ஐ.சி.யூ. நோயாளிகளை வைத்துப் பிரிட்டனில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், நான்கு நாளுக்குள் துளை போட்டவர்களுக்கும் பத்து நாளுக்கு மேல் பொறுத்திருந்தவர்களுக்கும் இறப்பு விகிதத்தில் வேறுபாடு தெரியவில்லை. பொறுத்திருந்த பிரிவில் பாதிப் பேருக்கு மேல் துளை போடப்படவே இல்லை. மூச்சுவழி அடைத்துத் துடிக்கும் அவசரத்தில் இது பொருந்தாது, அப்போது ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. ஆனால் வென்டிலேட்டரில் நிலையாக இருப்பவருக்காக வாசலில் நிற்கும் மகனிடம் “உடனே கையெழுத்துப் போடுங்கள்” என்று ஓடிக்கொண்டே சொல்வதற்குப் பதில் உட்கார வைத்துப் பேச நேரம் இருக்கிறது. இது எதற்கு, எத்தனை நாளைக்கு, எப்போது எடுப்போம், வீட்டில் யார் பார்ப்பார்கள். இந்த நான்கையும் பேசாமல் வாங்குகிற கையெழுத்தைச் சம்மதம் என்று நான் ஏற்க மாட்டேன்.

வீட்டில் யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு விடை தமிழ்நாட்டில் ஏற்கெனவே தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடிப் போகும் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வாசலுக்கு வருகின்றன. படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சை உண்டு. அந்தச் செவிலியருக்கு டியூப் மாற்றவும் சளி எடுக்கவும் அடைப்பைச் சமாளிக்கவும் கற்றுக்கொடுத்து, வண்டியில் இரண்டு மூன்று அளவு டியூப்களையும் வைத்துவிட்டால், சேத்தியாத்தோப்பு நோயாளி மாதாமாதம் சிதம்பரம் பஸ்ஸில் கழுத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நசுங்கத் தேவையில்லை. பயிற்சிக்கு எங்கேயும் போக வேண்டாம். அண்ணாமலைநகரில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, செவிலியர் கல்லூரி இருக்கிறது, ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் மாணவர்கள் இருக்கிறார்கள்.

முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் ஆஸ்பத்திரிக்குள் ஆகும் செலவைத் தாங்குகிறது. வாசல் தாண்டியதும் சளி உறிஞ்சும் மெஷின், கேதீட்டர், காஸ் எல்லாம் கைக்காசு. தாலியை அடகு வைத்து மெஷின் வாங்குகிறார்கள். டியூபை எடுத்த பிறகு அது பரணில் தூசி படிகிறது. அடுத்த தெருவில் இன்னொருவர் அதே மெஷினுக்குக் கடன் கேட்டு அலைகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில மெஷின்களை வைத்து இரவல் கொடுத்து, தேவை முடிந்ததும் திரும்ப வாங்கிச் சுத்தம் செய்து அடுத்தவருக்குக் கொடுத்தால் போதும். டிஸ்சார்ஜ் ஆகும் முன்பு வீட்டிலிருந்து இரண்டு பேர் செவிலியர் முன்னால் தங்கள் கையாலேயே சளி எடுத்துக் காட்ட வேண்டும், உள் டியூபைக் கழற்றிக் கழுவி மாட்டிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகே வீட்டுக்கு அனுப்புவது என்று ஒரு விதி வைக்கலாம். இரண்டு பேர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருத்தி மட்டும் கற்றுக்கொண்டால் அவள் ஒரு ராத்திரிகூட முழுதாகத் தூங்க முடியாது.

கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் கர்ப்பிணிகளுக்கும் தடுப்பூசிக் குழந்தைகளுக்கும் இடம் இருக்கிறது. கழுத்தில் டியூபோடு இருப்பவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்: எந்த வீடு, என்ன டியூப், கடைசியாக எப்போது மாற்றியது, எடுத்துவிட முடியுமா என்று எந்த மாதம் டாக்டர் பார்க்க வேண்டும், கரண்ட் போனால் மாற்று இருக்கிறதா. கடலூர் மாவட்டத்தில் இந்தக் கணக்கெடுப்பு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடிந்தாக வேண்டும். கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வருகிற வீடுகளுக்கெல்லாம் ஐப்பசி பிறக்கும் முன் மிதிகருவி போய்ச் சேர வேண்டும்.